சுழலும் காலமும் சூழும் உறவும்: தாவோயிய, ஆப்பிரிக்கச் சிந்தனைகளை ஒப்பிடும் முறை பற்றிய ஒரு மதிப்பீடு

முன்னுரை

காலத்தைப் பற்றிய ஒப்பியல் ஆய்வுகளில் ஒரு பொதுக்கூற்று நெடுநாளாக வழங்கி வருகிறது. மேலைநாட்டார் காலத்தை நேர்கோடாகக் கண்டனர். பிறர் அதனை வட்டமாகக் கண்டனர் என்பது அக்கூற்று. மெர்சியா எலியாதே 1949ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'என்றும் மீள்தல் பற்றிய தொன்மம்' என்னும் நூல் இதற்குப் பெருஞ்செல்வாக்கைத் தேடித் தந்தது. இதனோடு இரண்டாவது கூற்று ஒன்றும் சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. காலத்தை வட்டமாகக் காணும் மக்கள் தனிமனிதனைக் காட்டிலும் குழுவையே முதன்மையாகப் போற்றுவர் என்பது அது. இவ்விரண்டையும் இணைத்துச் சீனத்துத் தாவோயியத்தையும் ஆப்பிரிக்க மக்களின் சிந்தனையையும் ஒரே வரிசையில் நிறுத்துவோர் உளர்.

இவ்வொப்பீடு எந்த அளவுக்குப் பொருந்தும் என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். காலம் சுழல்கிறதா என்பதைவிட, அச்சுழற்சியைச் சுழற்றுவது யார் என்பதே இங்கு முதன்மையான வினா. இவ்வினாவை எழுப்பும்போது ஒப்பீட்டின் முறையிலேயே ஒரு குறை இருப்பது புலனாகும். அக்குறையைச் சுட்டுவதும், அதனை நீக்கியபின் எஞ்சும் ஒற்றுமை யாது என விளக்குவதும் கட்டுரையின் பின்பகுதியில் இடம்பெறுகின்றன.

1. சுழற்காலம் என்னும் சொல்

சுழற்காலம் என்ற ஒரே சொல்லால் குறைந்தது நான்கு வேறு பொருள்கள் குறிக்கப்படுகின்றன. பகலும் இரவும் மழையும் கோடையும் மாறிமாறி வருதல் முதலாவது. வாரம், திங்கள், ஆண்டு எனக் கணக்கிட்டு அவற்றை மீளமீளத் தொடங்குதல் இரண்டாவது. இறந்தோர் ஏதேனும் ஒரு வகையில் பிறப்போரிடத்து மீள்கின்றனர் எனக் கொள்ளுதல் மூன்றாவது. உலகம் முழுவதும் தோன்றி ஒடுங்கி மீண்டும் தோன்றும் எனக் கருதுதல் நான்காவது.

இந்தியக் கல்வியாளர்க்கு நான்காவது பொருளே முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. யுகக் கணக்கு நமக்குப் பழகியது. ஆனால் லாவோட்சுவின் பெயரால் வழங்கும் 'தாவோ தே ஜிங்' நூலிலும் 'சுவாங்ட்சு' நூலிலும் அத்தகைய யுகக் கணக்கு இல்லை. கற்பம் பற்றிய எண்ணம் பௌத்தத்தின் வழியே பின்னாளில்தான் தாவோயியத்துள் புகுந்தது. முதலாவது பொருளோ எல்லா மக்களுக்கும் பொது. கிறித்தவத் திருச்சபையின் திருவிழா ஆண்டும் ஆண்டுதோறும் மீள்வதே. ஆகவே பருவங்கள் மீள்வதை ஒரு மக்கள் அறிந்திருந்தனர் என்பதை மட்டும் கொண்டு, அவர்கள் காலத்தை வட்டமாகக் கண்டனர் என முடிவு செய்தல் பொருந்தாது. ஆராயத்தக்கவை இரண்டாவதும் மூன்றாவதுமே.

சீனமும் ஆப்பிரிக்காவும் ஒருங்கு நிறுத்தப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. ஹெகலின் வரலாற்று மெய்யியல் விரிவுரைகள் அவர் மறைவுக்குப் பின் 1837இல் நூலாயின. அவற்றில் ஆப்பிரிக்கா வரலாற்றுக்கு வெளியே வைக்கப்பட்டது. சீனம் வரலாற்றின் வாயிலில் அசைவின்றி நிற்பதாகக் காட்டப்பட்டது. பிற்கால ஒப்பியலார் பலர் இந்த இழிவுரையைப் புகழுரையாக மாற்றினரே அன்றி, அதன் அமைப்பை மாற்றவில்லை. வரலாறு அற்றவர் எனப்பட்டோர் இயற்கையோடு இயைந்த வட்டக் காலத்தவர் எனப் போற்றப்பட்டனர். ஜோசப் நீதம் 1965இல் வெளியான தம் சொற்பொழிவில், சீன வரலாற்றெழுத்தின் நீண்ட மரபைச் சுட்டி, அங்கு நேர்கோட்டுக் கால உணர்வே மேலோங்கியிருந்தது என வாதிட்டார். அவர் எச்சரிக்கை ஒப்பியலார் பலரைச் சென்று சேர்ந்ததாகத் தெரியவில்லை.

2. எம்பிட்டியின் கருத்தும் அதன் மறுப்பும்

ஆப்பிரிக்கர் காலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஜான் எம்பிட்டியிடமிருந்தே தொடங்குவர். கென்யாவின் அகம்பா இனத்தில் 1931இல் பிறந்த அவர் 1969இல் 'ஆப்பிரிக்கச் சமயங்களும் மெய்யியலும்' என்னும் நூலை வெளியிட்டார். நிகழ்ச்சிகளின் தொகுப்பே காலம். நிகழ்ச்சி இல்லாத வெறுங்காலம் என ஒன்று இல்லை என்பது அவர் கருத்து. சுவாகிலி மொழியின் சாசா, சமானி என்னும் இரு சொற்களைக் கொண்டு அவர் இதனை விளக்கினார். சாசா என்பது இப்போது நிகழ்வதும், அண்மையில் நிகழ்ந்ததும், உறுதியாக நிகழவிருப்பதும் அடங்கிய காலம். சமானி என்பது எல்லா நிகழ்ச்சிகளும் சென்று அடங்கும் ஆழ்ந்த பழங்காலம். கிகம்பா மொழியின் வினை வடிவங்களை ஆராய்ந்து, எதிர்காலத்தைக் குறிக்கும் வடிவங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு அப்பால் செல்வதில்லை என்றும் அவர் எழுதினார்.

உறவு பற்றிய அவர் கருத்து இதனோடு பிணைந்தது. இறந்தவர் உடனே சமானியுள் மறைவதில்லை. அவரை நேரில் அறிந்தவர் வாழும் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படும் வரை, அவர் சாசாவிலேயே இருக்கிறார். எம்பிட்டி அவரை 'உயிர்வாழும் இறந்தோர்' என்னும் தொடரால் குறித்தார். நான்கைந்து தலைமுறைகள் கழிந்து, அறிந்தவர் எவரும் இல்லாதபோது அவர் பெயரற்ற முன்னோர் கூட்டத்துள் சேர்கிறார். ஆக, ஒருவர் எவ்வளவு காலம் இருப்பார் என்பதை அவரை நினைப்போரே முடிவு செய்கின்றனர்.

எம்பிட்டி இயற்கைக்கும் மனித வாழ்வுக்கும் உரிய மீள்தாளங்களைப் பற்றிப் பேசுகிறார் என்பது உண்மை. எனினும் அவர் வரைந்த காலத்தின் முதன்மையான படம் வட்டம் அன்று. சாசாவிலிருந்து சமானியை நோக்கி நிகழ்ச்சிகள் பின்னோக்கிச் செல்கின்றன. சென்றவை அவ்வாறே மீள்வதில்லை. அவரை வட்டக் காலத்திற்குச் சான்றாகக் காட்டுவோர் இதனை ஊன்றி நோக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அவர் முடிவுகளுக்கும் வலுவான மறுப்புகள் எழுந்தன. கானா நாட்டு மெய்யியலாளர் குவாமே ஜெச்சே 1987இல் வெளியிட்ட நூலில், அக்கான் மொழியில் எதிர்காலத்தைக் குறிக்க 'டாச்சே' என்ற சொல்லே இருப்பதைக் காட்டி, கிழக்காப்பிரிக்க மொழிகள் சிலவற்றில் கண்டதைக் கண்டம் முழுவதற்கும் உரியதாக்குவது தவறு என்றார். பெனின் நாட்டுப் போலின் ஹூந்தோஞ்சி இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆப்பிரிக்கர் அனைவரும் ஒரே கருத்தினர் எனக் கற்பித்து, அக்கற்பனைக்கு மெய்யியல் எனப் பெயரிடும் போக்கையே அவர் 1970களில் கண்டித்தார். இம்மறுப்புகளை ஏற்றுக்கொண்டால் 'ஆப்பிரிக்கச் சிந்தனை' என ஒருமையில் பேசுவதை விட்டுத் தனித்தனி மக்களின் வழக்கங்களுக்கே செல்ல வேண்டியுள்ளது.

3. உறவே அளவுகோலாதல்

இன்றைய தென்சூடானில் வாழும் நூயர் மக்களைப் பற்றி எவன்ஸ்-பிரிச்சர்டு 1940இல் எழுதிய நூல் இரண்டு வகைக் காலங்களைப் பிரித்துக் காட்டியது. ஒன்று சூழலைச் சார்ந்தது. மாடுகளை அவிழ்த்தல், கறத்தல், மேய்ச்சலுக்கு ஓட்டுதல் ஆகிய வேலைகளே பொழுதைக் குறிக்கும். வெள்ளமும் வறட்சியும் ஆண்டைப் பிரிக்கும். மற்றது சமூக அமைப்பைச் சார்ந்தது. ஆண்டுக்கணக்கைத் தாண்டிய தொலைவை நூயர் வயதுக்குழுக்களையும் மரபுவழிகளையும் கொண்டே அளந்தனர். இரு குடியினருக்குப் பொதுவான முன்னோன் எத்தனை தலைமுறைக்கு முன் வாழ்ந்தான் என்பது, இன்று அவ்விருவரும் எவ்வளவு நெருங்கியவர் என்பதன் மறுபெயரே. இங்குக் காலம் வட்டமும் அன்று, கோடும் அன்று. உறவின் தொலைவு ஆகும்.

கானாவின் அக்கான் மக்களிடம் நாட்காட்டிச் சுழற்சி தெளிவாக உண்டு. ஆறுநாள் வாரமும் ஏழுநாள் வாரமும் இணைந்து 42 நாட்களில் ஒரு சுற்று நிறைவுறும். அச்சுற்றில் ஞாயிறு ஒன்றும் புதன் ஒன்றும் அடாயே நாட்களாக வரும். அந்நாட்களில் அசாந்தே அரசரும் தலைவர்களும் மறைந்த முன்னோரின் கருநிற இருக்கைகளுக்கு உணவும் நீர்மப் படையலும் அளிப்பர். பிறந்த நாளின் பெயரே பிள்ளைக்கும் இடப்படுவதால் மனிதரின் பெயரிலும் அச்சுற்று வாழ்கிறது. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே, ஞாயிறன்று பிறந்தவன் குவாசி. நாட்கள் தாமே மீள்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் படையலிட எவரும் இல்லையெனில் அடாயே வெறும் ஞாயிற்றுக்கிழமையாகவே கழிந்துவிடும்.

யொரூபா மக்களிடம் தலைமுறைச் சுழற்சி பெயரிடுதலில் வெளிப்படுகிறது. பாட்டனார் இறந்தபின் பிறக்கும் ஆண்பிள்ளைக்குப் பாபாதுண்டே எனப் பெயரிடுவர்; தந்தை மீண்டு வந்தார் என்பது அதன் பொருள். பாட்டி இறந்தபின் பிறக்கும் பெண்ணுக்கு யேதுண்டே என்பது பெயர். தாய் மீண்டு வந்தாள் என்பது பொருள். மீள்வு இங்கு இயற்கையின் விதியாக மட்டும் நிற்கவில்லை. பெயரிடும் குடும்பத்தார் அதனைக் கண்டு ஏற்று அறிவிக்க வேண்டியுள்ளது.

இம்மூன்று சான்றுகளும் ஒன்றை உணர்த்துகின்றன. இச்சமூகங்களில் மீள்வு என்பது ஒரு பணி. அதனைச் செய்வோர் வேண்டும். செய்யத் தவறினால் அது நிகழாமற் போகலாம்.

4. சுழற்சி நின்றபோது

செய்யத் தவறினால் என்ன நேரும் என்பதை இலக்கியத்தில் ஆழமாகக் காட்டியவர் சினுவா அச்செபே. 'இறைவனின் அம்பு' என்னும் பொருள்படும் தலைப்புடன் 1964இல் வெளியான அவரது மூன்றாவது புதினம், 1920களின் இக்போ நிலத்தைக் களமாகக் கொண்டது. அதில் வரும் உமுவாரோ ஆறு ஊர்களின் கூட்டு. கொள்ளையரின் இரவுத் தாக்குதலைத் தாங்க இயலாத அவ்வூர்கள் ஒன்றுகூடி உலு என்னும் பொதுத் தெய்வத்தை நிறுவின. அத்தெய்வத்தின் தலைமைப் பூசகர் எசேயுலு. ஒவ்வொரு பிறை தோன்றும்போதும் அவர் ஒரு புனித வள்ளிக்கிழங்கை உண்டு திங்களைக் கணக்கிடுகிறார். கிழங்குகள் தீரும் நிலையில் அவர் புதுக்கிழங்கு விழாவை அறிவிப்பார். அதன் பின்னரே ஊரார் அறுவடை செய்யலாம்.

ஆங்கில அதிகாரி ஒருவர் எசேயுலுவைத் தம் ஆட்சியின் கீழ்த் தலைவராக்க முயல்கிறார்; மறுத்த எசேயுலு அயலூரில் அடைத்து வைக்கப்படுகிறார். அக்காலத்தில் தோன்றிய பிறைகளுக்குரிய கிழங்குகள் உண்ணப்படாமல் எஞ்சுகின்றன. ஊர் திரும்பிய அவர், கணக்கு நிறைவுறாமல் விழாவை அறிவிக்க இயலாது என்கிறார். விளைந்த கிழங்கு மண்ணிலேயே கிடக்கிறது, பசி பரவுகிறது. எஞ்சிய கிழங்குகளை ஒருசேர உண்டுவிடும்படி ஊர்ப் பெரியவர்கள் வேண்டுகின்றனர். வரும் பழியைத் தாங்களே ஏற்பதாகவும் கூறுகின்றனர். அவர் இணங்கவில்லை. கிறித்தவ ஊழியர் விழாப் படையலைத் திருச்சபைக்கு அளிக்குமாறு அழைக்க, மக்கள் அங்குச் செல்கின்றனர். மகனை இழந்த எசேயுலு சித்தம் கலங்குகிறார்.

இப்புதினத்தைப் பண்பாட்டு மோதலின் கதை எனப் படிப்பதே பெருவழக்கு. கால நோக்கிற் படித்தால் வேறொன்று புலப்படும். வானத்தில் பிறை தவறாமல் வளர்ந்தது, மழை பெய்தது, கிழங்கு விளைந்தது. இயற்கையின் சுழற்சி எங்கும் நிற்கவில்லை. நின்றது ஊரின் காலமே. இயற்கையின் சுழற்சியும் ஊரின் சுழற்சியும் ஒன்றல்ல என்பதை அச்செபே இதனால் நிறுவிவிடுகிறார். மேலும், ஊரார் ஒன்றுகூடி நிறுவிய தெய்வம் அது. பழியை நாங்கள் ஏற்கிறோம் எனப் பெரியவர்கள் கூறியபோது, கணக்கைத் திருத்தும் உரிமை ஊருக்கு உண்டு என்பதையே அவர்கள் கோரினர். எசேயுலுவோ தம்மை அம்பாகவும் தெய்வத்தை வில்லாளனாகவும் கொண்டார். அதில் அவரது தனிப்பட்ட சினமும் கலந்திருந்தது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. சுழற்காலம் உடைய சமூகம் பூசலற்ற சமூகம் என்னும் இனிய கற்பனைக்கு இங்கு இடமில்லை. காலத்தைச் சுழற்றும் பொறுப்பு ஒருவர் கையில் இருக்குமாயின், அது அதிகாரமும் ஆகும்.

5. தாவோ நூல்களில் மீள்வு

இனித் தாவோ நூல்களுக்கு வருவோம். 'தாவோ தே ஜிங்' 81 இயல்களை உடையது. அதில் மீள்வு பற்றிய எண்ணம் பல இடங்களில் அமைந்துள்ளது. பொருள்கள் யாவும் செழித்தபின் தத்தம் வேருக்குத் திரும்புவதை 16ஆம் இயல் பேசுகிறது. பெரியது சென்று, தொலைந்து, மீள்வதை 25ஆம் இயல் கூறுகிறது. தாவோவின் இயக்கமே எதிர்நிலைக்குத் திரும்புதல்தான் என்னும் கருத்து 40ஆம் இயலில் உள்ளது. 1993இல் குவோதியன் கல்லறையில் கிடைத்த மூங்கில் ஏடுகளிலும் இக்கருத்து காணப்படுவதால் அதன் தொன்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

ஆனால் இம்மீள்வைச் செய்வோர் எவரும் இல்லை. செய்யாமையே அதற்கு வழிவிடுகிறது. 16ஆம் இயலில் வரும் அறிஞன் வெறுமையில் நின்று மீள்வைக் காண்கிறான், அதை நிகழ்த்துவதில்லை. வானும் நிலமும் எவரிடத்தும் தனிப்பரிவு காட்டுவதில்லை என 5ஆம் இயல் கூறுவதும் கருதத்தக்கது. உமுவாரோவில் பூசகன் உண்ணாவிடில் ஆண்டு நகராது. லாவோட்சுவின் உலகில் பூசகன் தலையிட்டால்தான் ஆண்டு கெடும்.

சுவாங்ட்சு இதனை உறவின் களத்துக்கே கொண்டுவருகிறார். மனைவி இறந்தபோது அவர் கலத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார் என்னும் 18ஆம் இயலின் கதை புகழ்பெற்றது. துக்கம் கேட்க வந்த ஹுயிட்சு திகைத்துக் கடிந்துகொள்கிறார். உருவற்றதிலிருந்து உயிர்மூச்சும், அதிலிருந்து உடலும், உடலிலிருந்து உயிர்ப்பும் தோன்றி, இப்போது மரணமாக மாறியது, நான்கு பருவங்கள் மாறுவதைப் போன்றதே என்பது சுவாங்ட்சு அளித்த விடையின் பொருள். தொடக்கத்தில் தாமும் வருந்தியதை அவர் ஒப்புக்கொள்கிறார் என்பதும் நோக்கத்தக்கது. பருவச் சுழற்சி இங்குத் துயரத்திலிருந்து விடுவிக்கும் வழியாகிறது. அதே சுழற்சி, இறந்தவர்க்கு ஆற்ற வேண்டிய கடனிலிருந்தும் அவரை விடுவிக்கிறது. யொரூபாக் குடும்பத்தில் இறந்தவள் யேதுண்டேயாக மீள்வாள். சுவாங்ட்சுவின் மனைவி எவராகவும் மீள்வதில்லை. அவள் மாற்றத்தின் பெருவெளியில் பெயரின்றிக் கலந்துவிடுகிறாள்.

6ஆம் இயலில் மீன்களைப் பற்றிய உவமை ஒன்று உண்டு. குளம் வற்றித் தரையில் கிடக்கும் மீன்கள் தம் வாய் ஈரத்தால் ஒன்றை ஒன்று நனைத்துக்கொள்கின்றன. அதைக் காட்டிலும் ஆற்றிலும் ஏரியிலும் ஒன்றை ஒன்று மறந்து திரிவதே மேலானது எனச் சுவாங்ட்சு கருதுகிறார். பரிவு என்பது வறட்சிக் காலத்தின் தேவை. நீர் நிறைந்த இடத்தில் அது வேண்டாதது. எம்பிட்டி விவரித்த சமூகத்தில் மறக்கப்படுதலே இறுதியான இறப்பு. சுவாங்ட்சுவுக்கு மறத்தலே முழுமையான வாழ்வு. இவ்விரண்டையும் 'சமுதாய நோக்கு' என்னும் ஒரே தலைப்பில் அடக்குவது எவ்வாறு இயலும்?

80ஆம் இயல் காட்டும் சிற்றூர் வாழ்வையும் ஆப்பிரிக்க ஊர் வாழ்வோடு ஒப்பிடுவர். சிறிய நாடு, குறைந்த மக்கள். அயலூரின் சேவலும் நாயும் எழுப்பும் ஒலி கேட்கும் தொலைவில் வாழ்ந்தும், மக்கள் முதுமையுற்று இறக்கும் வரை ஒருவரை ஒருவர் சென்று காண்பதில்லை. ஊர்கள் ஆறு கூடி ஒரு தெய்வத்தை நிறுவிய உமுவாரோவுக்கு இது நேர்மாறானது. லாவோட்சுவின் சிற்றூரில் பூசல் இல்லை. அதற்குக் காரணம் உறவின் வலிமை அன்று, உறவின் சுருக்கமே.

எனினும் ஒருதலையாக முடிவு கூறுதல் கூடாது. 54ஆம் இயலில் மகனும் பெயரனும் முன்னோர் வழிபாட்டை இடையறாது தொடர்வர் என்னும் கருத்து வருகிறது. தன்னில் தொடங்கிக் குடும்பம், ஊர், நாடு, உலகம் என விரியும் வரிசையும் அங்கேயே உள்ளது. குவோதியன் ஏடுகளில் இவ்வியல் இருக்கிறது. 80ஆம் இயல் இல்லை. ஒப்பியலார் விரும்பி எடுத்தாளும் சிற்றூர்ப் படத்தைவிட, அவர்கள் பொதுவாகக் கடந்து செல்லும் தலைமுறைத் தொடர்ச்சியே பழைய ஏட்டில் இடம்பெற்றிருப்பது சிந்தனைக்குரியது.

6. ஏடும் ஊரும்

இதுவரை கண்டதைக் கொண்டு, இரு சிந்தனைகளும் முற்றிலும் முரண்பட்டவை என முடிவுகட்டிவிடலாம். அதுவும் பிழையாகும். ஒப்பீட்டின் இரு தட்டுகளிலும் வைக்கப்பட்டவை ஒரே இனத்தவை அல்ல. ஒரு தட்டில் இருப்பது ஏடு. அதாவது, அரசவைப் பூசல்களும் சடங்கு விதிகளும் நிறைந்த காலத்தில் அவற்றை மறுத்த அறிவாளர் சிலரின் எழுத்து. மறு தட்டில் இருப்பது ஊர். அதாவது, களப்பணியாளர் கேட்டுக் குறித்த மக்கள் வழக்கம். நூலை வழக்கத்தோடு ஒப்பிட்டால், நூல் மெய்யியலாகவும் வழக்கம் வழக்கமாகவுமே எஞ்சும். சீனர்க்குச் சிந்தனையாளர் உண்டு, ஆப்பிரிக்கர்க்குப் பழக்கங்கள் மட்டுமே உண்டு என்னும் மறைமுகத் தீர்ப்பும் அதனுள் பொதிந்திருக்கும். ஹெகலின் நிழல் இங்கும் விழுகிறது.

ஊரை ஊரோடு ஒப்பிட்டால் காட்சி மாறுகிறது. தாவோயியம் நூல்கள் மட்டும் அன்று. அது ஒரு சமயமாகவும் வாழ்ந்தது. மரபுவழிச் செய்தியின்படி கி.பி. 142இல் சாங் தாவோலிங் தொடங்கிய வான்குரு இயக்கம் இன்றைய சிச்சுவான் பகுதியில் மக்களை 24 மண்டலங்களாக அமைத்தது. ஆண்டுக்கு மூன்று முறை நடந்த பேரவைகளில் குடும்பங்களின் பிறப்பும் இறப்பும் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பதிவு திருந்தினால்தான் தெய்வங்களின் கணக்கும் மக்களின் கணக்கும் ஒத்துப்போகும். இங்கு ஆண்டின் சுழற்சி உறவின் கணக்கெடுப்பாகிறது; அது தானே நிகழ்வதன்று.

அக்காலத்தோடு தொடர்புடைய 'தைப்பிங் ஜிங்' என்னும் பெருநூல், முன்னோர் செய்த தவறுகளின் சுமை பின்னோர் மீது இறங்கிக் குவியும் என்னும் கோட்பாட்டை வளர்த்தது. சுவாங்ட்சு அவிழ்த்துவிட்ட தலைமுறைக் கட்டு இங்கு மீண்டும் இறுக்கப்படுகிறது. இறந்தோர் வாழ்வோரிடமிருந்து முற்றும் பிரிவதில்லை என்பதில் இந்நூலும் அக்கான் வழக்கமும் அருகருகே நிற்கின்றன. சுமையாகப் பிரியாமையும் காவலாகப் பிரியாமையும் வேறு என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இன்றும் நடைபெறும் சியாவ் என்னும் ஊர்ப் புதுப்பிப்புச் சடங்கு இன்னும் தெளிவான சான்றாகும். தைவானில் தாவோயியப் பூசகராகவே அருட்பொழிவு பெற்ற கிறிஸ்தோபர் ஸ்கிப்பரின் ஆய்வுகள் இச்சடங்கின் பொருளை வெளிக்கொணர்ந்தன. ஹாங்காங்கின் காம்டின் ஊர்த்தொகுதியில் இது பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கிறது. ஊரார் பெயர்கள் அனைத்தும் எழுதிய பெரும்பட்டியல் பொதுவில் ஒட்டப்படுகிறது. ஆதரிப்பாரற்ற ஆவிகளுக்கும் உணவு படைக்கப்படுகிறது. நினைக்க எவருமற்ற இறந்தோரையும் ஊர் தன் பொறுப்பில் ஏற்கிறது. பெயர்ப்பட்டியல், படையல், குறித்த ஆண்டுச் சுற்று என்னும் மூன்றும் அடாயேயிலும் புதுக்கிழங்கு விழாவிலும் கண்ட கூறுகளுக்கு நெருக்கமானவை. தொடர்போ கடன்வாங்கலோ இல்லாத இரு நிலப்பகுதிகளில் இவ்வொப்புமை அமைந்திருப்பதுதான் ஆய்வுக்குரிய உண்மையான பொருள்.

7. சுழற்சியும் எதிர்நோக்கும்

சுழற்காலம் உடையோர்க்கு எதிர்காலம் இல்லை, ஆதலின் மாற்ற விழைவும் இல்லை என்னும் கருத்தும் இங்கே சோதிக்கத்தக்கது. சீனரின் அறுபதாண்டுச் சுற்றின் முதல் ஆண்டு கி.பி. 184இல் வந்தது. தாவோயியச் சார்புடைய மஞ்சள் தலைப்பாகையர் அவ்வாண்டையே புதிய வானம் நிறுவப்படும் ஆண்டாக அறிவித்து, ஹான் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தனர். சுற்றின் தொடக்கம் பழையதற்கு மீள்வதாக மட்டும் அமையவில்லை. பழையதை வீழ்த்தும் நாளாகவும் அமைந்தது.

தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் 1856-57இல் நிகழ்ந்தது மேலும் துயரமானது. நோங்காவுசே என்னும் இளம்பெண்ணின் அருள்வாக்கை நம்பி மக்கள் தம் மாடுகளைக் கொன்றனர், பயிரிடாது விட்டனர். முன்னோர் உயிர்த்தெழுவர், புதிய மந்தைகள் தோன்றும் என எதிர்பார்த்தனர். குடியேற்ற ஆட்சியின் நெருக்குதலும் மாடுகளுக்கு வந்த நுரையீரல் நோயும் அதற்கு முன்னரே அவர்களை வாட்டியிருந்தன. ஏறத்தாழ 4,00,000 மாடுகள் கொல்லப்பட்டன, 40,000 பேர் பட்டினியால் மாண்டனர் என மதிப்பிடுவர். கிறித்தவ உயிர்ப்புச் செய்தியின் சாயல் அதில் உண்டு என ஆய்வாளர் சுட்டினர். அவ்வாறாயினும், முன்னோரின் மீள்வை வரவிருக்கும் ஒரு நாளில் எதிர்பார்த்த மக்களுக்கு எதிர்காலம் இல்லை என்று எவ்வாறு சொல்வது? மீள்வில் நம்பிக்கை வரலாற்றுக்கு வெளியே உறங்குவதன்று. வரலாறு தாங்கொணாததாகும்போது அது செயலாகவும் வெடிக்கும்.

முடிவுரை

இக்கட்டுரையில் கண்ட முடிவுகள் வருமாறு:

(1) சுழற்காலம் என்னும் சொல் பல பொருள்களை மறைப்பது. பருவ மீள்வைக் கொண்டு ஒரு மக்களின் காலக் கோட்பாட்டை நிறுவுதல் இயலாது.

(2) 'தாவோ தே ஜிங்', 'சுவாங்ட்சு' ஆகிய நூல்களில் மீள்வு பெரும்பாலும் தானே நிகழ்வது; அது மனிதரைப் பிடிப்பிலிருந்து விடுவிக்கிறது. அக்கான், யொரூபா வழக்கங்களிலும், அச்செபே புனைந்த இக்போ ஊரிலும் மீள்வு செய்யப்படுவது. அது மனிதரைக் கடமையிற் பிணைக்கிறது.

(3) இவ்வேறுபாட்டில் ஒரு பகுதி, நூலை ஊரோடு ஒப்பிடும் முறைக் குறையால் விளைந்தது. தாவோயிய ஊர்ச் சடங்குகளை ஆப்பிரிக்க ஊர்ச் சடங்குகளோடு ஒப்பிடும்போது, காலத்தை ஊரே முயன்று சுழற்றுகிறது என்னும் ஒற்றுமை புலனாகிறது.

(4) அம்முயற்சியில் அதிகாரமும் பூசலும் எதிர்நோக்கும் உண்டு. எனவே அது வரலாற்றின் மறுப்பு அன்று.

ஆப்பிரிக்கச் சிந்தனையாளரின் நூல்களைத் தாவோ நூல்களுக்கு நிகராக வைத்துப் படிப்பது அடுத்து செய்ய வேண்டிய பணியாகும். ஜெச்சேயையும் ஹூந்தோஞ்சியையும் அச்செபேயையும் வழக்கங்களுக்குச் சான்று தருவோராக மட்டும் கொள்ளாமல், சுவாங்ட்சுவோடு வாதிடும் தகுதியுடையோராகக் கொள்ள வேண்டும். உலுவின் பூசகரும் கலத்தைத் தட்டிப் பாடிய அறிஞரும் நேர்நின்று உரையாடினால் எழும் வினா ஒன்றே: இறந்தோர்க்கும் பிறப்போர்க்கும் நாம் கடன்பட்டவர்களா, இல்லையா? காலம் வட்டமா கோடா என்பதைக் காட்டிலும் இவ்வினாவே இன்றைய ஆய்வை முன்னெடுத்துச் செல்லும்.